உடையாமல் திறக்கும் பை

பம்பளிமாஸ் பழம் கிடைத்தால் ஒரு சுளையைச் சாப்பிடாமல் தனியே எடுத்து வையுங்கள். சுளையை மூடியிருக்கும் வெள்ளைத் தோலை நகத்தால் கீறி உரித்தால், உள்ளே நீளநீளமான முத்துகள் நெருக்கியடித்து நிற்கும். ஒன்றை மட்டும் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனை பருத்திருக்கும்; மறுமுனை நூல்போல மெலிந்திருக்கும். அந்த நூலால்தான் அது சுளையின் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பூவாக இருந்த காலத்தில் சூலகத்தின் உட்சுவரில் மயிர்போல முளைத்து, பிறகு சாறு ஏறிப் பருத்தது இது. உள்ளங்கையில் வைத்து மெல்ல உருட்டினால் கை நனையாது. நசுக்கினால்தான் சாறு தெறிக்கும்.

தாவரவியலார் இந்தச் சாற்றுப் பையை வெசிக்கிள் என்கிறார்கள். சின்னம்மை கண்ட பிள்ளையின் முதுகில் எழும் நீர்க்கொப்புளத்தையும் தோல் மருத்துவர் வெசிக்கிள் என்றே குறிப்பெழுதுகிறார். நீங்கள் இந்த வரியைப் படிக்கும் நொடியில் உங்கள் மூளையின் நரம்பு முனைகளில் கணக்கில்லாத பைகள் திறந்துகொண்டிருக்கின்றன. பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியில் தெரியவே தெரியாத அந்தப் பைகளுக்கும் செல்லியலார் வைத்த பெயர் வெசிக்கிள்தான். பாடப்புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வரியில் பொருள் சொல்லிவிடுகிறது: திரவம் நிறைந்த சிறு பை.

அந்த வரியில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்த மாணவருக்கு இந்தச் சொல்லின் உயிர்நிலை பிடிபடாமலே போய்விடும். ஒரு பையை அறிய வேண்டுமானால் அது எப்படித் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒரு சொல், மூன்று கேள்விகள்

லத்தீன் மொழியில் வெசிகா என்றால் பை, குறிப்பாகச் சிறுநீர்ப்பை. அதைச் சிறியதாக்கிச் சொன்னால் வெசிகுலா, அதாவது குட்டிப் பை. வெசிக்கிள் அங்கிருந்து வந்தது. தமிழும் உடம்புக்குள் இருப்பவற்றுக்கு இப்படித்தான் பெயர் வைத்தது. இரைப்பை, பித்தப்பை, கருப்பை, பாம்பின் நச்சுப்பை என்று நம் சொற்கள் பையிலேயே முடிகின்றன. ஆகவே இந்த எண்ணம் நமக்குப் புதிதில்லை.

ஆனால் வெசிக்கிளுக்குத் தமிழில் ஒரே சொல் நிலைக்கவில்லை. தோலில் வந்தால் கொப்புளம் என்கிறோம். செல்லுக்குள் இருந்தால் சில நூல்கள் நுண்குமிழி என்றும் சில நூல்கள் நுண்பை என்றும் எழுதுகின்றன. இதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. ஒரே பெயரைப் போர்த்திக்கொண்டு வெவ்வேறு பொருள்கள் நிற்கின்றன என்பதைத் தமிழ் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. அவற்றைப் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். சுவர் எதனால் ஆனது? உள்ளே இருப்பது என்ன? எப்படித் திறக்கிறது?

பம்பளிமாஸிடம் கேட்டுப் பார்ப்போம். சுவர், செல்கள் அடுக்கிக் கட்டிய தோல். உள்ளே, சாறு நிறைந்த பெரிய பெரிய செல்கள். திறப்பது, நம் பல். திறந்ததும் பையின் கதை முடிந்தது.

தோலின் முத்து

சின்னம்மையை நம் வீடுகளில் 'முத்து போட்டிருக்கிறது' என்று சொல்வார்கள். ரோஜா இதழில் நிற்கும் பனித்துளி என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு உவமையும் கண்ணால் கூர்ந்து பார்த்தவர்கள் சொன்னவை. சிவந்த தோலின் மேல் தெளிந்த நீரோடு நிற்கும் அந்தக் கொப்புளம் அரை சென்டிமீட்டருக்குள் இருந்தால் பொதுவாக வெசிக்கிள் என்பார்கள். அதைவிடப் பெரிதானால் புல்லா. தெளிந்த நீர் சீழாக மாறினால் பஸ்டியூல். மருத்துவருக்கு இவை வெறும் பெயர்கள் அல்ல. பெரியம்மையில் உடம்பின் ஒரு பகுதியில் உள்ள முத்துகள் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையில் ஒரே கையில் சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் ஒன்றாகக் காணப்படும். பெரியம்மை உலகில் இருந்த காலத்தில் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

இந்தப் பைக்குச் சொந்தச் சுவர் கிடையாது. வைரஸ் தாக்கிய தோல் செல்கள் ஊதி, ஒன்றோடொன்று கொண்டிருந்த பிடியை விடுகின்றன. பிடி விட்ட இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. மேலே தோலின் ஓர் அடுக்கு, கீழே இன்னோர் அடுக்கு, நடுவில் நீர். உடைந்தால் அந்த நீரோடு வைரஸும் வெளியேறும். கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்பது இதனால்தான்.

மாட்டின் வாயிலும் குளம்பிடுக்கிலும் கோமாரி நோயில் எழுவதும் இதே வகைக் கொப்புளம். 1898-இல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் லோஃப்லரும் பவுல் ஃப்ரோஷும் அந்தக் கொப்புள நீரை எடுத்து, பாக்டீரியாக்கள் நுழைய முடியாத வடிகட்டியில் ஊற்றினார்கள். வடிந்த நீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தும் நோயைப் பரப்பியது. பாக்டீரியாவைவிடச் சிறிய ஒன்று அதில் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. விலங்குகளைத் தாக்கும் வைரஸ் ஒன்றை மனிதர் முதன்முதலில் அடையாளம் கண்டது இப்படி, ஒரு கொப்புளத்தின் துளி நீரில்.

மண்ணுக்குள்ளும் ஒரு வெசிக்கிள் உண்டு. நம் உழவர்கள் 'வேம்' என்று வாங்கி நாற்றங்காலில் இடும் உயிர் உரத்தின் பெயரில் முதல் எழுத்து வெசிக்கிளைக் குறிக்கிறது. மண்ணிலுள்ள மணிச்சத்தைப் பயிருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் அந்தப் பூஞ்சை, வேருக்குள் குட்டிப் பைகளை ஊதி, அவற்றில் எண்ணெயைச் சேமித்து வைக்கிறது. அந்தக் குடும்பத்துப் பூஞ்சைகளில் சில இந்தப் பையை உருவாக்குவதில்லை என்பதால் அறிவியலார் பெயரிலிருந்து அந்த எழுத்தை எடுத்துவிட்டார்கள்.

பழத்திலும் தோலிலும் வேரிலும் பை என்பது ஓர் உறை. செல்லுக்குள் போகும்போதுதான் அந்தச் சொல் வேறு ஒரு வாழ்க்கையைத் தொடங்குகிறது.

செல்லின் சரக்குப் பை

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நீரை விரும்பும் தலை ஒன்றும், நீருக்கு அஞ்சும் வால் இரண்டும் உண்டு. வால்கள் உள்பக்கம் ஒளிந்துகொள்ள, தலைகள் இருபுறமும் நீரைப் பார்த்து நிற்க, மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக அணிவகுக்கின்றன. இந்த இரட்டை வரிசையின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். துணியைப் போல அதற்கு ஓரம் இருக்க முடியாது. ஓரம் இருந்தால் அங்கே வால்கள் நீரில் படும். அதனால் ஒரு துண்டு சவ்வு தனியே பிரிந்தால் அது தானாகவே வளைந்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டி, பையாக மூடிக்கொள்கிறது. யாரும் தைக்க வேண்டியதில்லை.

செல் இந்த இயல்பைப் பயன்படுத்திக்கொள்கிறது. கணையத்தின் பீட்டா செல் இன்சுலினைத் தயாரித்துப் பைகளில் கட்டி வைத்திருக்கிறது. ஒரு செல்லில் சுமார் 10,000 பைகள். நீங்கள் இட்லி சாப்பிட்டு அரை மணி நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. செல் அதை உணர்கிறது. பைகள் செல்லின் வெளிச் சவ்வை நெருங்கித் தொடுகின்றன. ரசத்தின் மேல் மிதக்கும் இரண்டு நெய்த்துளிகள் தொட்டதும் ஒன்றாவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலப் பையின் சுவரும் செல்லின் சுவரும் ஒன்றாகிவிடுகின்றன. ஒன்றான இடத்தில் வாய் திறக்கிறது. இன்சுலின் வெளியே இரத்தத்தை நோக்கிப் போகிறது.

இங்கே சற்று நின்று நிதானமாகப் பாருங்கள். பை உடையவில்லை. உள்ளே இருந்த சரக்கில் ஒரு மூலக்கூறுகூடச் செல்லின் உட்புறத்தில் சிந்தவில்லை. பையின் சுவர் வீணாகவில்லை. அது செல்லின் வெளிச் சுவரில் ஒரு பகுதியாகிவிட்டது. இன்னும் ஆழமாகப் பார்த்தால், பைக்குள் ஏறிய நொடியிலேயே அந்தச் சரக்கு ஒரு கணக்கில் செல்லுக்கு வெளியே போய்விட்டது. பையின் உட்புறமும் செல்லின் வெளிப்புறமும் ஒரே பக்கம். செல், வெளியுலகின் ஒரு துளியைத் தனக்குள் பொத்தி வைத்திருக்கிறது என்றே சொல்லலாம்.

நுண்குமிழி என்ற சொல்லை நான் விட்டுவிட்டு நுண்பை என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான். குமிழி என்றதும் நம் மனத்தில் நீரின் மேல் காற்றோடு எழுந்து வெடித்து மறையும் ஒன்று வருகிறது. நிலையாமைக்கு நம் முன்னோர் எடுத்தாண்ட உவமை அது. செல்லுக்குள் இருப்பது அப்படி மறைவதில்லை. சுமக்கிறது, சேர்க்கிறது, மீண்டும் பையாகத் திரும்புகிறது.

தவளையின் தசையில் கேட்ட துடிப்பு

இந்தப் பைகளைக் கண்ணால் காண்பதற்கு முன்பே ஒருவர் அவற்றை எண்ணிவிட்டார் என்றால் நம்புவது கடினம். பெர்னார்ட் காட்ஸ் 1911-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். மருத்துவம் படித்த யூத இளைஞர். நாஜி ஆட்சியில் இருக்க முடியாமல் 1935-இல் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். போர் முடிந்த பிறகு அங்கே பால் ஃபாட் என்பவரோடு சேர்ந்து, தவளையின் நரம்பு தசையைத் தொடும் இடத்தில் மிக நுண்ணிய கண்ணாடி ஊசியைச் செருகி மின்னழுத்தத்தை அளந்தார்.

நரம்பைத் தூண்டினால் தசையில் பெரிய அலை எழுந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் எதையும் தூண்டாமல் விட்டிருந்தபோதும் திரையில் குட்டிக் குட்டித் துடிப்புகள் தோன்றிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் சுமார் அரை மில்லிவோல்ட். கருவியின் இரைச்சல் என்று ஒதுக்கிவிட்டிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. நரம்பு தொடும் இடத்தில் மட்டுமே அந்தத் துடிப்பு கிடைத்தது. ஊசியைத் தள்ளி வைத்தால் மறைந்தது. 1952-இல் அதை வெளியிட்டார்கள்.

அடுத்த சோதனை ஹோசே டெல் காஸ்டியோவோடு சேர்ந்து செய்தது. சுற்றியிருந்த நீரில் கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைக் கூட்டினார்கள். நரம்பின் பேச்சு தணிந்தது. இப்போது ஒவ்வொரு தூண்டலுக்கும் எழுந்த அலையின் உயரத்தை அளந்து பார்த்தால், ஒரு குட்டித் துடிப்பின் அளவு, அதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று படிப்படியாக இருந்தது. சில முறை ஒன்றுமே இல்லை. ஒன்றரை மடங்கு என்ற பேச்சு இல்லை. கடைக்காரர் சர்க்கரையைத் தராசில் நிறுத்துக் கொடுத்தால் எந்த எடையும் வரலாம். கட்டி வைத்த பொட்டலமாகக் கொடுத்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் வரும். நரம்பு பொட்டலமாகவே கொடுக்கிறது என்று 1954-இல் அவர்கள் காட்டினார்கள்.

அதே ஆண்டுகளில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நரம்பு முனையைப் பார்த்தவர்கள், அது உருண்டை உருண்டையான பைகளால் நிறைந்திருப்பதைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் சுமார் 40 நானோமீட்டர். ஒரு தலைமயிரின் குறுக்கே ஏறத்தாழ 2,000 பைகளை வரிசையாக வைக்கலாம். காட்ஸ் எண்ணிய பொட்டலம் இதுதான். ஒரு பையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் மூலக்கூறுகள் பல ஆயிரம் அடங்கியிருக்கின்றன. இந்தப் பணிக்காகக் காட்ஸ் 1970-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பை திறக்கும் கணத்தையே படம் பிடிக்க முடியுமா? ஜான் ஹியூசரும் தாமஸ் ரீஸும் அதற்காக ஒரு கருவி செய்தார்கள். திரவ ஹீலியத்தால் குளிரூட்டிய செப்புக் கட்டி ஒன்று கீழே. அதன் வெப்பநிலை சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ். தவளைத் தசை மேலிருந்து அதன்மேல் விழும். விழுவதற்குச் சில மில்லிநொடிக்கு முன் நரம்புக்குத் தூண்டல் போகும். தசை செப்பில் பட்ட நொடியில் எல்லாம் அப்படியே உறைந்துவிடும். 1979-இல் வெளிவந்த அந்தப் படங்களில் சவ்வின் மேல் வரிசையாகச் சிறு குழிகள் தெரிகின்றன. ஒவ்வொரு குழியும் வாய் திறந்த நிலையில் பிடிபட்ட ஒரு பை. கால் நூற்றாண்டுக்கு முன் ஒருவர் துடிப்புகளை எண்ணிச் சொன்னது, உறைந்த சாட்சியாகக் கண்முன் நின்றது.

முறுக்கிய கயிறும் அறுத்த நஞ்சும்

இரண்டு சவ்வுகள் தாமாக ஒன்றாகிவிடுவதில்லை. அவற்றுக்கு இடையில் நீர் இருக்கிறது. நெருங்க விடாமல் தள்ளுகிறது. தள்ளுவதை மீறி இழுக்க ஓர் ஏற்பாடு வேண்டும். பையின் சுவரில் ஒரு புரதமும் செல்லின் வெளிச் சவ்வில் வேறு புரதங்களும் நட்டு வைத்தாற்போல் நிற்கின்றன. இவற்றுக்கு ஸ்நேர் என்று பெயர். இரண்டு பக்கத்துப் புரதங்களும் ஒன்றையொன்று பற்றிக் கயிறு முறுக்குவதுபோல முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கு ஏற ஏறக் கயிறு குறுகுகிறது. இரண்டு சவ்வுகளும் இழுபட்டு மோதுகின்றன. கடைசி முறுக்குக்கு முன் எல்லாம் தயாராகக் காத்திருக்கும். நரம்பின் மின்துடிப்பு வந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. சினாப்டோடாக்மின் என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு கதவைத் திறக்கிறது. ஒரு மில்லிநொடிக்குள் இதெல்லாம் நடந்துவிடும்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த கதையில் ரொட்டி ஈஸ்டுக்கும் பங்குண்டு. ராண்டி ஷெக்மன், வெப்பம் கூடினால் சரக்கை வெளியே அனுப்ப முடியாமல் போகும் ஈஸ்ட் செல்களைத் தேடிப் பிடித்தார். அறை வெப்பத்தில் அவை நன்றாக வாழ்ந்தன. 37 டிகிரிக்கு ஏற்றினால் திறக்க முடியாத பைகள் உள்ளே குவிந்துகொண்டே போயின. எந்த மரபணு பழுதானதோ அதுவே பையைச் சேர்க்கத் தேவையானது என்று இப்படி ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். பாலூட்டிகளின் செல்களில் ஜேம்ஸ் ராத்மன் ஸ்நேர் புரதங்களைக் கண்டறிந்தார். கால்சியத்தின் பங்கைத் தாமஸ் சூடாஃப் விளக்கினார். மூவரும் 2013-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

காலில் ஆணி குத்தினால் டி.டி. ஊசி போட்டுக்கொள்ள ஓடுகிறோமே, அதன் காரணமும் இதே கயிற்றில் இருக்கிறது. ரணஜன்னியை உண்டாக்கும் பாக்டீரியாவின் நஞ்சு ஒரு கத்தரிக்கோல். அது பையின் சுவரில் நிற்கும் ஸ்நேர் புரதத்தை வெட்டிவிடுகிறது. தண்டுவடத்தில் தசைகளை 'போதும், தளர்' என்று அடக்கும் நரம்புகள் இருக்கின்றன. நஞ்சு அவற்றின் பைகளைத் தாக்குகிறது. பைகள் நிறைந்தபடியே இருக்கின்றன, உள்ளே சரக்கு இருக்கிறது, திறக்க வழியில்லை. அடக்குவார் இல்லாத தசைகள் விறைக்கின்றன. தாடை பூட்டிக்கொள்கிறது, முதுகு வில்லாக வளைகிறது. திரவம் நிறைந்த சிறு பை என்ற வரையறைப்படி அந்த நரம்பில் ஒரு குறையும் கிடையாது. பை இருக்கிறது, சிறியது, திரவம் நிறைந்திருக்கிறது. ஆனாலும் ஓர் உயிர் போகிறது.

திரும்பி வரும் கூடை

பைகள் சேர்ந்துகொண்டே இருந்தால் செல்லின் சவ்வு பெருத்துக்கொண்டே போகுமே? போவதில்லை. சேர்ந்த அளவுக்குச் சவ்வு மீண்டும் உள்வாங்கப்படுகிறது. 1964-இல் தாமஸ் ராத்தும் கீத் போர்ட்டரும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைச் செல்லை ஆராய்ந்தார்கள். கொசு இரத்தம் குடித்த 7 மணி நேரத்தில் முட்டைச் செல்லின் மேல் குழிகள் 15 மடங்காகப் பெருகின. ஒவ்வொரு குழியும் மஞ்சள்கருப் புரதத்தை அள்ளிக்கொண்டு உள்ளே பையாகக் கழன்றது. குழியின் சவ்வில், செல்லின் உட்புறம் பார்த்த பக்கத்தில், குத்திட்ட மயிர்போன்ற ஒரு படலம் தெரிந்தது. அந்தப் படலத்தின் புரதத்தைப் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்து, 1976-இல் கிளாத்ரின் என்று பெயரிட்டவர் பார்பரா பியர்ஸ். ஐங்கோணமும் அறுகோணமுமாகப் பின்னிய கூடை அது. மூங்கில் கூடை முடைவதுபோல அது பின்னப் பின்னச் சவ்வு வளைந்து பையாகிறது. வேலை முடிந்ததும் கூடை கலைந்து அடுத்த பைக்குப் போகிறது.

மனிதர் முடைந்த நுண்பை

1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாப்ரஹாமில் அலெக் பாங்கம் முட்டை மஞ்சள்கருவின் கொழுப்பை நீரில் கலந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். கொழுப்பு தானாகவே பை பையாக மூடிக்கொண்டிருந்தது. செல் இல்லாமலே நுண்பை. பின்னாளில் இதற்கு லிப்போசோம் என்று பெயர் வந்தது.

அதன் பயனை நாம் 2021-இல் நேரில் கண்டோம். கொரோனாவின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை பரவியபோது, நோயாளிகளின் உறவினர் ஊர் ஊராகத் தேடியலைந்த மருந்து லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் பி. ஆம்ஃபோடெரிசின் பூஞ்சையின் சவ்வைத் துளைக்கும் வலிய மருந்து. ஆனால் தனியே கொடுத்தால் நம் சிறுநீரகச் செல்களையும் அது விட்டுவைப்பதில்லை. அதை நுண்பையின் சுவருக்குள்ளேயே பதித்து வைத்தால், பூஞ்சையைச் சேரும்வரை பெரும்பாலும் அங்கேயே அடங்கியிருக்கிறது. அதே மருந்தை ஒரே ஒரு தவணையாகக் கொடுத்துக் காலா அசார் காய்ச்சலைக் குணப்படுத்தலாம் என்று பீகாரில் நடந்த ஆய்வு 2010-இல் காட்டியது. மருந்து மாறவில்லை. அதைச் சுமந்த பையும் அது திறக்கும் இடமும் மாறின; கொல்லக்கூடியது காப்பாற்றியது.

பாடப்புத்தகத்தின் அந்த ஒரு வரிக்கு இப்போது திரும்பலாம். அதை அழிக்க வேண்டியதில்லை, நீட்டினால் போதும். உங்கள் குறிப்பேட்டில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்.

நுண்பை: செல்லின் சவ்வாலேயே ஆன சிறு பை. சரக்கைச் சிந்தாமல் சுமந்து செல்லும். உரிய இடத்தில், உரிய நொடியில், தன் சுவரை அந்த இடத்தின் சுவரோடு சேர்த்துத் திறக்கும். திறந்த பின்னும் அழியாது.